பழைய பெட்ரோல் எஸ்யூவி பரிசோதனையில் தோற்பது ஏன்?

2025 மே 13ஆம் தேதி காலை, தெலுக் இந்தானுக்கு அருகே சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் கல் ஏற்றிச் சென்ற லோரியும் கலகத் தடுப்புப் போலீஸ் படையினரின் லோரியும் மோதிக்கொண்டன. சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த படையினரில் 9 பேர் உயிரிழந்தனர். விபத்தை ஆராய்ந்த சிறப்புப் பணிக்குழு, கல் லோரியின் ஸ்டீயரிங் அமைப்பு செயலிழந்ததையும் அளவுக்கு மீறிய பாரத்தையும் காரணங்களாகச் சுட்டிக்காட்டியது.

லோரி, பஸ், டாக்சி போன்ற வணிக வாகனங்கள் நம் நாட்டில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். இணையவழி வாடகைக் கார்களும் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கும் சொந்தக் காருக்கு அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்கப்பட்டால் போதும். அந்தக் கார் பத்து ஆண்டுகள்கூட ஒரு பரிசோதனைக் கருவியையும் பார்க்காமல் ஓடலாம்.

மற்ற நாடுகளில் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 3 முதல் 10 வயது வரையுள்ள கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறையும், 10 வயதைக் கடந்தவை ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகின்றன. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்று ஆண்டுகள் கழித்து முதல் பரிசோதனை. பிறகு ஈராண்டுக்கு ஒருமுறை. பிரிட்டனில் 1960 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது.

நம் நாட்டுச் சொந்தக் கார் சந்திக்கும் முக்கியமான தேர்வு, அது கைமாறும்போதுதான் வருகிறது. பெயர் மாற்றத்துக்கு முன் செய்யப்படும் அந்தப் பரிசோதனைக்கு பி5 என்று பெயர். வங்கிக் கடனில் வாங்கினால் பி7 என்ற பரிசோதனையும் சேர்ந்துகொள்ளும். 1994 முதல் இந்த வேலையைச் செய்துவந்த புஸ்பாகோம் நிறுவனத்தின் தனியுரிமை 2024 ஆகஸ்டு இறுதியோடு முடிந்தது. மற்ற நிறுவனங்களும் பரிசோதனை நடத்த வழி திறக்கப்பட்டுள்ளது. யார் நடத்தினாலும் பி5-இன் முதல் நோக்கம் ஒன்றுதான்: விற்கப்படும் வாகனம் ஆவணத்தில் உள்ள அதே வாகனம்தானா என்று உறுதிசெய்வது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு உங்கள் குடும்பத்தைச் சுமக்கும் அளவுக்கு அது நல்ல நிலையில் உள்ளதா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைப் பார்க்கத் தெரிந்துகொள்வதற்கே இந்தக் கட்டுரை. பழைய பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். புரோட்டோன் எக்ஸ்70 2018 இறுதியிலும் பெரோடுவா அரூஸ் 2019 தொடக்கத்திலும் வந்தவை. அவற்றின் முதல் தொகுதி வண்டிகள் இப்போது பழைய கார் கடைகளில் நிற்கின்றன. சிறிய காரைவிட எஸ்யூவி கனமானது, உயரமானது. தேய்மானத்தின் விளைவுகளை இவ்விரு குணங்களும் பெரிதாக்குகின்றன.

ஓட்டுநருக்கு ஏன் தெரிவதில்லை?

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885இல் கட்டப்பட்டது. அதன் அடியில் இருப்பது மென்மையான மண். மேலே தண்ணீர்த் தொட்டியின் பாரம். கோபுரம் மெல்ல மெல்லத்தான் சாய்ந்தது. வாகனத்தின் தேய்மானமும் இப்படித்தான். பிரேக் பெடல் ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கினால் உடனே பட்டறைக்கு ஓடுவோம். அதே ஒரு சென்டிமீட்டர் இரண்டு ஆண்டுகளில் இறங்கினால் கால் அதற்கேற்பப் பழகிவிடும். ஸ்டீயரிங் சற்று இடப்பக்கம் இழுத்தால் கை தானாகவே வலப்பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும். நம் புலன்கள் மாற்றத்தை உணர்வதில் கெட்டிக்காரர்கள். மெதுவான மாற்றத்தை உணர்வதில் அவ்வளவாக இல்லை.

பரிசோதனைக் கருவிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அது நேற்றைய நிலையோடு ஒப்பிடுவதில்லை. விதித்த அளவோடு ஒப்பிடுகிறது. அதனால்தான் "நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது" என்று உரிமையாளர் சொல்லும் வண்டி பரிசோதனையில் தோற்கிறது. பிரிட்டனின் ஆண்டுப் பரிசோதனைகளில் தோல்விக்கு முன்னணிக் காரணங்களாகத் தொடர்ந்து இடம்பெறுபவை விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகிய நான்கும்தான். நான்குமே மெதுவாகக் கெடுபவை.

அடையாள எண்ணும் கண்ணாடியும்

கைமாற்றப் பரிசோதனையில் முதலில் பார்ப்பது அடிச்சட்ட எண்ணையும் இயந்திர எண்ணையும். எண் துருப்பிடித்து மங்கியிருந்தாலும், அதைச் சுற்றி வெட்டி ஒட்டிய அடையாளம் இருந்தாலும், வண்டி நிறுத்தி வைக்கப்படும். இயந்திரத்தை மாற்றிவிட்டுச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவிடம் பதிவு செய்யாமல் விட்ட வண்டிகளும் இங்கே சிக்கும். விதிமுறைக்கு மாறான அலங்கார எழுத்தில் எழுதிய எண் பலகையும் தோல்விக்குக் காரணமாகலாம்.

அடுத்தது கண்ணாடியின் கருமை. முன் கண்ணாடி குறைந்தது 70% ஒளியையும், முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் குறைந்தது 50% ஒளியையும் உள்ளே விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு 2019 மே மாதம் முதல் தளர்வு உண்டு.

இங்கே பலர் ஒரு கணக்கைத் தவறவிடுகிறார்கள். கடையில் "60% ஒளி விடும் படலம்" என்று சொல்லி ஒட்டுவார்கள். 50% தானே விதி, தப்பித்துவிடலாம் என்று நினைப்போம். ஆனால் கண்ணாடியே எல்லா ஒளியையும் விடுவதில்லை. தொழிற்சாலைக் கண்ணாடி 80% ஒளியை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60% மட்டுமே படலத்தைத் தாண்டும். 0.80 × 0.60 = 0.48. அதாவது 48%. கருவியில் தோல்வி. ஒளி ஊடுருவல் பெருக்கல் கணக்குப்படி நடப்பது. படலத்தின் எண்ணை மட்டும் நம்பக்கூடாது.

விளக்கு: ஒரு டிகிரி செய்யும் வேலை

முன்விளக்கின் தாழ் ஒளிக்கு மேல் விளிம்பு ஒன்று உண்டு. அந்த விளிம்புக்குக் கீழே சாலை தெரியும், மேலே இருள். இந்த விளிம்பு பொதுவாக 100க்கு 1 என்ற சரிவில் கீழ்நோக்கி அமைக்கப்படும். எஸ்யூவியின் விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், விளிம்பு 90 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும்.

இப்போது பின் ஸ்பிரிங்குகள் தளர்ந்த ஒரு வண்டியில் நான்கு பேரும் நிறையச் சாமான்களும் ஏறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முன், பின் சக்கரங்களின் இடைவெளி 2.6 மீட்டர் என்றால், பின்புறம் நாலரை சென்டிமீட்டர் இறங்கினாலே வண்டி ஒரு டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். ஒரு டிகிரி என்பது 100க்கு 1.75 சரிவு. கீழ்நோக்கி இருந்த 1 போக, மேல்நோக்கி 0.75 மிஞ்சுகிறது. இனி அந்த ஒளி விளிம்பு தரையைத் தொடவே தொடாது. 50 மீட்டர் தொலைவில் அது தரையிலிருந்து 127 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே சிறிய காரில் வருபவரின் கண்மட்டம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தெருவிளக்கு இல்லாத செம்பனைத் தோட்டச் சாலைகளில் இரவில் மோட்டார்சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதன் பொருள் புரியும். கண் கூசிய சில நொடிகளில் சாலையோரமும் பள்ளமும் மறைந்துவிடும்.

விளக்கில் இன்னும் இரண்டு குறைகள் அடிக்கடி வரும். ஒன்று, பிளாஸ்டிக் மூடி வெயிலின் புற ஊதாக் கதிரால் மஞ்சளாகி மங்குவது. உள்ளே பல்பு நன்றாக எரிந்தாலும் ஒளி சிதறிப்போகும். மற்றொன்று, ஹாலஜன் பல்புக்காக வடிவமைத்த கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகுவது. ஒளி பிறக்கும் இடம் ஒரு சில மில்லிமீட்டர் மாறினாலும் கிண்ணம் அதைச் சரியாகக் குவிக்காது. வெளிச்சம் கூடியதுபோல் தோன்றும். சாலையில் விழ வேண்டிய இடத்தில் விழாது.

டயர்: பள்ளமும் காற்றும்

டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. பள்ளத்தின் வேலை, மழைநீரைச் சக்கரத்துக்கு அடியிலிருந்து வெளியேற்றுவது. வெளியேற வழியில்லாத நீர் டயரைத் தூக்கிவிடும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

எந்த வேகத்தில் இப்படி நடக்கும்? அமெரிக்காவின் நாசா 1960களில் விமானச் சக்கரங்களை ஆராய்ந்து ஓர் எளிய விதியைக் கண்டது. டயரில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.7ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் டயர் நீரில் மிதக்கத் தொடங்கும் என்பது கிடைக்கும். பள்ளம் தேய்ந்த டயருக்கும், பள்ளத்தைவிட ஆழமாக நீர் நிற்கும் சாலைக்கும் இது பொருந்தும். 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் சுமார் 94 கி.மீ. காற்று 20 பிஎஸ்ஐக்குக் குறைந்தால் சுமார் 75 கி.மீ. நெடுஞ்சாலையில் அடைமழையின்போது இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை.

டயர் தேய்ந்திருக்கும் விதமும் ஒரு செய்தி சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால் நீண்ட நாள் குறைந்த காற்றில் ஓடியிருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் அதிகக் காற்று. உள் ஓரம் மட்டும் மழித்ததுபோல் இருந்தால் சக்கரங்களின் கோணம் தவறியிருக்கிறது. உள் ஓரம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது; ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வண்டி என்று சொல்லி விற்கும்போது இந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும்.

பிரேக்: ஒன்றரை லிட்டர் தண்ணீர்

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் 1,000 கிலோ சிறிய காரின் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 310 கிலோஜூல். அதே வேகத்தில் 1,600 கிலோ எஸ்யூவிக்கு 500 கிலோஜூல். ஒரு பிரேக் அழுத்தலில் இவ்வளவும் வெப்பமாக மாற வேண்டும். ஒன்றரை லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வண்டி இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

பரிசோதனை நிலையத்தில் சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையோடு தடுக்கிறது என்று தனித்தனியாக அளப்பார்கள். இதில் இரண்டு விடயங்கள் தெரியவரும். முதலாவது, மொத்தத் திறன். பிரேக் விசை வண்டியின் எடையில் பாதி என்றால் திறன் 50%. 90 கி.மீ. வேகத்திலிருந்து அந்தத் திறனில் நிற்க 64 மீட்டர் வேண்டும். 70% திறன் இருந்தால் 46 மீட்டர் போதும். இடையே உள்ள 18 மீட்டரில் நான்கு கார்களை வரிசையாக நிறுத்தலாம்.

இரண்டாவது, இட வல வித்தியாசம். இடச் சக்கரம் 3,000 நியூட்டன், வலச் சக்கரம் 2,000 நியூட்டன் விசையோடு தடுத்தால் வித்தியாசம் 33%. பிரிட்டனில் 30%ஐத் தாண்டினாலே தோல்வி. ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுழல்வதற்கு இந்த வித்தியாசம் வழிசெய்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் பிரேக் பிடியை நகரவிடும் ஊசிகள் துருவில் இறுகிப்போவது. சுத்தம் செய்து கிரீஸ் தடவினால் தீரக்கூடிய குறை இது.

நம் தட்பவெப்பத்துக்கு உரிய இன்னொரு குறை பிரேக் எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியசில்தான் கொதிக்க வேண்டும். 3.7% நீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் குமிழிகள் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஈரண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வது இதனால்தான். எண்ணெய் கறுத்த தேநீர் நிறத்தில் இருந்தால் முந்தைய உரிமையாளர் அதைத் தொட்டதே இல்லை என்று பொருள்.

நான்கு சக்கரங்களுக்கும் நிரந்தரமாக விசை செல்லும் எஸ்யூவி என்றால் ஓர் எச்சரிக்கை. இரண்டு சக்கரங்களை மட்டும் உருளையில் சுழற்றினால் இடையிலுள்ள பல்சக்கரங்கள் சேதமடையலாம். அத்தகைய வண்டிகளை வேகக்குறைப்பு அளவியோடு சாலையில் ஓட்டிப் பரிசோதிப்பது வழக்கம். வண்டி எந்த வகை என்பதைப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சஸ்பென்ஷன்: பால்மர ரப்பரின் ஆயுள்

ஒரு காலத்தில் பேரா மாநிலத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் வெட்டிய பால்மரங்களின் ரப்பர் இன்றும் உங்கள் காருக்கு அடியில் வேலை செய்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கைகளை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இடங்களில் புஷ் எனப்படும் ரப்பர் உருளைகள் இருக்கும். ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்தாலும் எளிதில் கிழியாத தன்மை இயற்கை ரப்பருக்கு உண்டு. அதனால் இந்த இடத்துக்கு அது பெரிதும் பயன்படுகிறது.

அதற்கு மூன்று பகைவர்கள். ஓசோன் வாயு ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டித்து வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெப்பம் அதை இறுக்கி விறைப்பாக்குகிறது. மூன்றாவது, இயந்திர எண்ணெய். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி உப்பி மென்மையாகிவிடும். எனவே இயந்திரத்தில் சிறு எண்ணெய்க் கசிவு உள்ள வண்டியில், அதற்கு நேர் கீழே உள்ள புஷ்ஷையும் பார்க்க வேண்டும். ஒரு குறை இன்னொன்றை வளர்த்திருக்கும்.

பள்ளம் நிறைந்த தோட்டச் சாலைகளில் ஓடிய எஸ்யூவிகளில் புஷ்ஷோடு பந்து மூட்டுகளும் தேயும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, பாதுகாப்புத் தாங்கி வைத்த பிறகு, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். "டக் டக்" என்று ஆடினால் பந்து மூட்டோ சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஸ்டீயரிங் கம்பியின் முனை தேய்ந்திருக்கலாம். அந்த முனை கழன்றால் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் தொடர்பே இருக்காது. இந்தக் குறையோடு வண்டியை வாங்கி, "அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக்கூடாது.

பக்கநழுவல் சோதனை என்பது இன்னொன்று. வண்டி ஒரு தட்டின் மேல் நேராகச் செல்லும்போது தட்டு எவ்வளவு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது என்று கருவி அளக்கும். ஜப்பானில் ஒரு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் வரை அனுமதி. சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் அது கிலோமீட்டருக்கு 5 மீட்டர். தெலுக் இந்தானிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 80 கிலோமீட்டர் போவதற்குள் டயர்கள் 400 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்பட்டதற்குச் சமம். டயரின் உள் ஓரம் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை இதுதான்.

அப்சோர்பரைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் அப்சோர்பர் தளர்ந்துவிட்டது. உடம்பில் எண்ணெய் வழிந்த தடமும் அதற்கு அடையாளம்.

புகைக்குழாய் சொல்லும் கதை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் நச்சுத்தன்மை கொண்ட கார்பன் மோனாக்சைடு கூடும். தீப்பொறி தவறினால் எரியாத பெட்ரோல் வெளியே வரும். இவற்றை அடக்க புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்ற பெட்டி இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற அமைப்பு அது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்றையும் அது தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது.

அந்தப் பெட்டி வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள். காற்று – பெட்ரோல் விகிதம் 14.7ஐ ஒட்டியே இருக்க வேண்டும்; பெட்டி சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தோடு பரிசோதனைக்குப் போனால் நல்ல வண்டிகூடத் தோற்கலாம். இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டுப் போவது நல்லது. பிரிட்டனில் இந்தப் பெட்டி பொருத்திய பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு, இயந்திரத்தை வேகமாக ஓடவிட்டு அளக்கும்போது கார்பன் மோனாக்சைடு 0.2%ஐத் தாண்டக்கூடாது. பெட்டி செயலிழந்தால் இந்த அளவைத் தொடவே முடியாது.

புகையின் நிறத்தையும் கவனியுங்கள். நீலம் என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. சூடான பிறகும் நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது.

புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்கக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். நீண்ட விடுமுறைப் பயணத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, குளிர்சாதனத்தை ஓடவிட்டுக் குழந்தைகளோடு உறங்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஓட்டை விழுந்த புகைக்குழாயோடு அப்படி உறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

விற்பவர்கள் சிலர் செய்யும் ஒரு தந்திரத்தையும் அறிந்திருங்கள். கன்வர்ட்டரின் திறன் குறைந்தால் கணினி பி0420 போன்ற ஒரு பிழை எண்ணைப் பதிந்து, இயந்திர எச்சரிக்கை விளக்கை எரியவிடும். விற்பதற்கு முன் அந்தப் பதிவை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அழித்த உடனே, கணினியின் சுயசோதனைகள் "முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்பிவிடும். சிறிய ஸ்கேனர் ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் இது வெளிப்படும். எல்லாச் சுயசோதனைகளும் முடியாமல் கிடந்தால், நேற்றுத்தான் ஏதோ அழிக்கப்பட்டிருக்கிறது.

பரிசோதனை காட்டாத இரண்டு

முதலாவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. பேரா ஆற்றின் கரையிலுள்ள தெலுக் இந்தானுக்கும் வெள்ளம் புதிதல்ல. கழுவித் துடைத்த வண்டி வெளித்தோற்றத்தில் புதிதுபோல் இருக்கும். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கலாம். இருக்கைகளைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு, கம்பளத்தின் அடியில் ஈர மணம் ஆகியவையும் அடையாளங்கள். மின் இணைப்பான்களுக்குள் நுழைந்த சேறு, ஓராண்டு கழித்துக்கூட ஏபிஎஸ் பிரேக்கையோ காற்றுப்பையையோ முடக்கும்.

இரண்டாவது, காற்றுப்பை. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் தயாரித்த காற்றுப்பை ஊதிகளில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் பல ஆண்டுகள் கழித்து அந்த வேதிப்பொருள் சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்து, உலோகத் துண்டுகளைப் பயணிகள் மேல் சிதறடித்தது. மலேசியாவிலும் உயிர்ப்பலி நேர்ந்தது. தக்காத்தா 2017இல் திவால் மனு கொடுத்தது. ஹோண்டா உட்படப் பல நிறுவனங்கள் பல மாதிரிகளைத் திரும்ப அழைத்து, ஊதிகளை இலவசமாக மாற்றித் தருகின்றன. ஆனால் கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டியின் உரிமையாளருக்கு அந்த அழைப்புக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது. எந்த உருளையும் எந்தப் புகை அளவியும் இந்தக் குறையைக் காட்டாது. அடிச்சட்ட எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டால் பதில் கிடைக்கும்.

முன்பணம் கொடுக்கும் முன்

பகல் வெளிச்சத்தில், மழை பெய்யாத நேரத்தில், இந்த வரிசையில் பாருங்கள்:

1. அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா? காற்றுப்பை மாற்றப்பட்டதா என்று தயாரிப்பாளரிடம் அதே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

2. சாவியைத் திருப்பி, இயந்திரத்தை இயக்காமல் நிறுத்துங்கள். ஏபிஎஸ், காற்றுப்பை, இயந்திர எச்சரிக்கை விளக்குகள் மூன்றும் எரிய வேண்டும். இயக்கிய பிறகு அணைய வேண்டும். ஒரு விளக்கு எரியவே இல்லை என்றால் குறையை மறைக்க அது முடக்கப்பட்டிருக்கலாம்.

3. இயந்திரம் குளிர்ந்த நிலையில் நீங்களே முதலில் இயக்குங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.

4. நான்கு டயர்களின் தேதி, பள்ளம், உள் ஓரம் ஆகியவற்றோடு மாற்று டயரையும் பாருங்கள்.

5. வண்டியின் நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள்.

6. ஒரு சுவரின் முன் சமதளத்தில் நிறுத்தித் தாழ் ஒளியைப் போடுங்கள். இரு விளக்குகளின் விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

7. வெற்றுச் சாலையில் மெதுவாக ஓட்டி, ஸ்டீயரிங்கை இலேசாகப் பிடித்தபடி பிரேக் போடுங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

8. கடைசியாக, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கி அடிப்புறத்தைப் பாருங்கள். இதற்கு மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கண்ட குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். பல்பு, எண் பலகை, கண்ணாடிப் படலம், பிரேக் ஊசி போன்றவை சிறு செலவு; விலையில் கழித்துக்கொள்ளலாம். டயர், அப்சோர்பர், புஷ் ஆகியவை நடுத்தரச் செலவு. பட்டறையில் விலை கேட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். திருத்திய அடிச்சட்ட எண், வெள்ளத்தின் தடம், அடிப்பகுதிச் சட்டத்தைத் தின்ற துரு, அகற்றப்பட்ட கன்வர்ட்டர் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே எஸ்யூவி வைத்திருப்பவர்களும் விற்கும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாலை வரி புதுப்பிக்கும் மாதத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இதே வரிசையைப் பின்பற்றிப் பார்க்கலாம். டயரின் பள்ளத்தையும் பிரேக் எண்ணெய் மாற்றிய தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சென்ற ஆண்டு எழுதிய எண் பக்கத்தில் இருந்தால், கைக்கும் காலுக்கும் தெரியாமல் போன மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.